ஆஸ்திரேலியாவில் சர்ஃபிங் கற்கப் போகிறீர்களா? கடலூரிலிருந்து சில யோசனைகள்

சிட்னியில் இறங்கி, பஸ் பாஸ் வாங்கி, வடக்கே கெய்ர்ன்ஸ் வரை ஊர் ஊராகப் போவதுதான் ஆஸ்திரேலியாவில் முதுகுப்பையோடு சிக்கனமாகச் சுற்றும் பேக்பேக்கர்களின் வழக்கமான பாதை. 2,400 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஊர் பார்க்க நல்ல பாதைதான். ஆனால் சர்ஃபிங் கற்க வேண்டும் என்று போகிறவருக்கு அது ஒத்துவராது. இரண்டு நாளைக்கு ஒரு கரை என்று மாறிக்கொண்டே இருந்தால் பஸ் சீட்டுதான் பழகும், அலை பழகாது. அதோடு அந்தப் பாதையின் வடபாதியில் சர்ஃபிங் செய்ய அலையே கிடையாது. குயின்ஸ்லாந்தின் வடகரைக்கு எதிரே கிரேட் பேரியர் ரீஃப் இருக்கிறது. ஆழ்கடலிலிருந்து வரும் அலையெல்லாம் அந்தப் பவளப் பாறைகளில் மோதி அடங்கிவிடும். தெற்கிலிருந்து போகிறவருக்கு ஆக்னஸ் வாட்டர் என்ற சின்ன ஊர்தான் கடைசி சர்ஃபிங் கரை.

அதனால் என் யோசனை இதுதான்: இரண்டு மூன்று கரைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் வாரக்கணக்கில் தங்குங்கள். மற்ற ஊர்களைப் பார்க்க ஆசை இருந்தால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் கடலூர்க்காரி. வீடு தேவனாம்பட்டினம் பக்கம், வேலை புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில். எனவே கடலைப் பற்றியும் காசைப் பற்றியும் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம் இங்கேயே

ஆஸ்திரேலியாவில் இரண்டு மணி நேர குரூப் வகுப்புக்கு 70 முதல் 100 ஆஸ்திரேலிய டாலர் வரை கேட்பார்கள். போர்டில் எப்படிப் படுப்பது, எப்படி எழுந்து நிற்பது என்பதற்கு அந்தக் காசைக் கொடுப்பது வீண். அதைப் புதுச்சேரியிலேயே கற்றுக்கொண்டு போகலாம். கோட்டக்குப்பத்தை ஒட்டி, தந்திராயன்குப்பத்தில் இருக்கும் செரினிட்டி பீச்சில் சர்ஃபிங் சொல்லித் தருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடல் முரடாக இருக்கும், அப்போது வேண்டாம். கோடையில் காலை ஆறு மணிக்குப் போய் இறங்கினால் ஆரம்பப் பாடத்துக்கு அலை போதும்.

சர்ஃபிங்குக்கும் முன்னால் நீச்சல். கடற்கரையில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் முழங்கால் தண்ணீரைத் தாண்டியதில்லை. குளத்திலோ நீச்சல் குளத்திலோ தரையில் கால் ஊன்றாமல் 200 மீட்டர் நீந்த முடிய வேண்டும். மல்லாந்து பத்து நிமிடம் பதறாமல் மிதக்க முடிய வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். அது வராதவர்கள் விசாவுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

எழுந்து நிற்கும் பயிற்சியை வீட்டில் பாயிலேயே செய்யலாம். குப்புறப் படுத்து, விலா எலும்பு பக்கத்தில் இரு கைகளையும் ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து, பக்கவாட்டில் நிற்க வேண்டும். முட்டி போட்டு எழும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு அதை விடுவது கஷ்டம். பார்வை பாதத்தில் இருக்கக் கூடாது, போகிற திசையில் இருக்க வேண்டும். தினமும் காலையில் இருபது தடவை. அம்மா என்ன ஏது என்று கேட்டால் யோகா என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

விசா

வேலையும் செய்துகொண்டு ஊரும் சுற்ற உதவும் விசா, ‘ஒர்க் அண்ட் ஹாலிடே’ எனப்படும் 462. இந்தியர்களுக்கு இது 2024இல் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடம்தான். வயது 18 முதல் 30 வரை. பள்ளிக்குப் பின் இரண்டு ஆண்டுப் படிப்பாவது முடித்திருக்க வேண்டும், ஓரளவு ஆங்கிலம் தெரிய வேண்டும், கைச்செலவுக்குச் சுமார் 5,000 டாலர் காட்ட வேண்டும். பெயர் கொடுக்க 25 டாலர். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். குலுக்குவது கம்ப்யூட்டர். “உங்கள் பெயரை உள்ளே தள்ளிவிடுகிறேன்” என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பெயர் கொடுப்பதை ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் நீங்களே செய்துவிடலாம்.

குலுக்கலில் வரவில்லை என்றால் சுற்றுலா விசா இருக்கிறது, எண் 600. அதில் வேலை செய்யக் கூடாது. ஹாஸ்டலில் படுக்கைக்குப் பதிலாகக் கூட்டிப் பெருக்குகிறேன் என்பதும் வேலைதான். கையில் இருக்கும் காசுக்கு எத்தனை வாரம் தாங்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். டாலருக்கு அன்றைய ரூபாய் மதிப்பை விடக் கொஞ்சம் கூட வைத்துக்கொண்டால் பெரிய ஏமாற்றம் இருக்காது.

எந்தக் கரை, ஏன்

எல்லாக் கரையும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்குப் பெரிய அலைகள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வருகின்றன. கிழக்கைப் பார்த்த நீண்ட மணல் கரையில் அவை நேராக வந்து இடிக்கும். ஆனால் ஒரு பாறை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்து, அதன் மறைவில் கரை வடக்கைப் பார்த்துத் திரும்பியிருந்தால், அலை அந்த முனையைச் சுற்றி வளைந்து வரும்போது வேகம் குறைந்து, ஒழுங்காக ஒரு பக்கத்திலிருந்து உடைந்துகொண்டே போகும். புதிதாகக் கற்பவருக்கு வேண்டியது இதுதான். பைரன் பே, நூசா, கூலங்கட்டா மூன்றும் பெயர் வாங்கியது இந்த அமைப்பால்தான். வரைபடத்தில் வடக்கைப் பார்த்த வளைவு எங்கே இருக்கிறது என்று தேடப் பழகினால், யாரும் சொல்லாத சின்னக் கரைகளைக்கூட நீங்களே கண்டுபிடிக்கலாம். சாதாரணக் கிழக்குக் கரையாக இருந்தாலும் அதன் தெற்கு மூலையில் அலை மட்டாக இருக்கும்.

பைரன் பே அழகான ஊர். ஆஸ்திரேலிய நிலப்பரப்பின் கிழக்குக் கோடி அங்கேதான் இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை அந்த முனையிலிருந்து திமிங்கிலங்களைப் பார்க்கலாம். ஆனால் விலை நெருப்பு. பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறையில் ஒரு படுக்கைக்கு ஓர் இரவுக்கு 50 டாலர் போகும், சீசனில் அதற்கும் மேல். ‘தி பாஸ்’ என்ற இடத்தில் ஒரே அலைக்கு எட்டுப் பேர் துடுப்பு போடுவார்கள். முதல் வாரம் அங்கே போய் நிற்க வேண்டாம், பக்கத்தில் கிளார்க்ஸ் பீச் போதும்.

என் ஓட்டு கூலங்கட்டாவுக்கு. குயின்ஸ்லாந்தின் தென்கோடி. சாலையைக் கடந்தால் அடுத்த மாநிலம், நியூ சவுத் வேல்ஸ். கோடையில் அந்த மாநிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும், குயின்ஸ்லாந்து தள்ளாது. எதிர்ச்சாரியில் இருக்கும் கடை ஒரு மணி நேரம் முன்னதாக மூடிவிடும். கடல் ஏற்ற வற்ற அட்டவணை பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கூலங்கட்டாவின் மணல் கதையைப் புதுச்சேரிக்காரர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். அங்கே ட்வீட் என்ற ஆறு கடலில் சேருகிறது. 1960களில் முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல் சுவரை நீட்டிக் கட்டினார்கள். கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. சுவர் வந்ததும் மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது, வடக்கில் இருந்த கூலங்கட்டா கரை அரிந்துபோனது. நம் புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டியதும் நடந்தது இதேதான். தெற்கே மணல் மேடு, வடக்கே கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் கருங்கல். கூலங்கட்டாவில் 2001 முதல், தெற்கில் தேங்கும் மணலைப் பம்பு வைத்து உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு, வடக்கே கொண்டுபோய்க் கொட்டிவருகிறார்கள். அப்படிச் சேர்ந்த மணல் திட்டில்தான் ‘சூப்பர்பேங்க்’ என்று உலகம் முழுக்கச் சர்ஃபர்கள் கொண்டாடும் அலை உடைகிறது. தலைமைச் செயலகம் எதிரே செயற்கைத் திட்டு போட்ட பிறகு புதுச்சேரியிலும் ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் கூலங்கட்டாவைப் பார்த்துவிட்டு வந்தால் நமக்கு எவ்வளவு மணல் வர வேண்டியிருக்கிறது என்று புரியும்.

சூப்பர்பேங்க் தொடங்கும் ஸ்னாப்பர் ராக்ஸ் பக்கம் நீங்கள் வேடிக்கை பார்க்க மட்டும் போங்கள். கற்க கிரீன்மவுன்ட், அதை அடுத்த கூலங்கட்டா பீச். அடியில் மணல், விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. புயலுக்குப் பிறகு திட்டுகள் இடம் மாறும். 2025 மார்ச்சில் ஆல்ஃபிரெட் புயல், கூலங்கட்டா அடங்கிய கோல்டு கோஸ்ட் கரையில் ஏகப்பட்ட மணலை அள்ளிக்கொண்டு போனது. தானே புயலைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. எனவே பழைய வீடியோவை நம்பாமல், போய் இறங்கியதும் போர்டு வாடகைக் கடையில் “இப்போ எங்கே மண்ணு நல்லா இருக்கு?” என்று கேளுங்கள்.

இன்னொரு வசதி, பஸ் கட்டணம். கூலங்கட்டாவிலிருந்து பிரிஸ்பேன் வழியாக நூசா வரை அரசுப் பஸ், ரயில், டிராம் எதில் ஏறினாலும் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான். 2024 ஆகஸ்டில் சோதனையாக ஆரம்பித்து, பிறகு நிரந்தரமாக்கிவிட்டார்கள். பிரிஸ்பேன் விமான நிலைய ரயிலுக்கு மட்டும் இது பொருந்தாது.

மாதம் என்று பார்த்தால் மார்ச் முதல் மே வரை நல்லது. அங்கே அது இலையுதிர் காலம். தண்ணீர் இன்னும் சூடாக இருக்கும், டிசம்பர் ஜனவரி விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும். தெற்கே விக்டோரியாவில் பெல்ஸ் பீச் இருக்கிறது, 1960களிலிருந்து போட்டி நடக்கும் புகழ்பெற்ற இடம். பார்க்கலாம், இறங்க வேண்டாம். குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் 14 டிகிரி. நம் வங்கக் கடல் பெரும்பாலும் 28 சுற்றி.

போர்டு, உடை

இந்தியாவிலிருந்து போர்டு எடுத்துப் போக வேண்டாம். முதல் வாரம் வாடகை. பிறகு பேக்பேக்கர்கள் கிளம்பும்போது விற்கும் பழைய சாஃப்ட் போர்டு (மேலே மெத்தென்ற ஃபோம் போர்த்தியது) ஒன்றை வாங்கிவிடுங்கள். 8 அடிக்குக் குறையக் கூடாது. குட்டி போர்டுதான் பார்க்க ஸ்டைல், ஆனால் அதில் அலையே பிடிக்க முடியாது. வாங்கும் முன் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறி கனத்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. அடிப்பலகை உப்பியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். காலில் கட்டும் லீஷ் கயிற்றில் வெட்டு இருந்தால் பேரம் பேசி, புதுக் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்சூட், அதாவது குளிர் தாங்கும் ரப்பர் உடை விஷயத்தில் உள்ளூர்க்காரர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். பைரனில் குளிர்கால நீர் 20 டிகிரி சுற்றி இருக்கும். அவர்கள் டிரவுசரோடு இறங்குவார்கள், நம் ஊர் உடம்பு அரை மணியில் நடுங்கும். 3/2 என்று போட்ட (உடம்பில் 3, கைகாலில் 2 மில்லிமீட்டர் தடிமன்) முழு வெட்சூட் வாடகைக்கே கிடைக்கும். கோடையில் முழுக்கை ராஷ் கார்டும் (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) லெக்கிங்ஸும் போதும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: கோட்டக்குப்பத்தில் போர்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால் நான்கு பைக்காவது வேகம் குறையும். ஆஸ்திரேலியாவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கழுத்து வரை மூடிக்கொண்டு போனாலும் சரி.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலிய வெயிலில் நம் மூக்கும் உதடும்கூட வெந்துபோகும். 50+ சன்ஸ்கிரீன், அதன் மேல் மூக்குக்கும் கன்னத்துக்கும் ஜிங்க் பூச்சு.

தண்ணீரில்

என் மாமா ஃபைபர் படகு வைத்திருக்கிறார். தள்ளும் முன் மணலில் நின்று கொஞ்ச நேரம் கடலையே பார்ப்பார். அலை எத்தனைக்கு ஒரு முறை பெரிதாக வருகிறது, எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று. நான் புதுச்சேரியில் சர்ஃபிங் போக ஆரம்பித்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: “எண்ணிப் பாத்துட்டு எறங்கு பாப்பா.” ஆஸ்திரேலியாவில் அனுபவசாலி சர்ஃபர்கள் போர்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் நிற்பதைப் பார்ப்பீர்கள். அதே வேலைதான்.

அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும் சந்து ஒன்று இருக்கும். மீனவர்கள் படகை விடுவது அந்தச் சந்தில். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது, அதனால் வெளியே இழுக்கும். தேர்ந்த சர்ஃபர்கள் அதையே லிஃப்ட் போலப் பயன்படுத்தி உள்ளே போவார்கள். புதியவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் குளிக்க இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதீர்கள். போர்டைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள். போர்டை ஒருபோதும் விடக் கூடாது. பாறை முனைகளை ஒட்டியும் கல் சுவர்களை ஒட்டியும் இழுவை கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். செரினிட்டியில் கற்றவர்களுக்கு அந்தப் பயம் ஏற்கெனவே இருக்கும், நல்லதுதான்.

கரையில் சிவப்பு மஞ்சள் கொடிகள் இருக்கும். இரண்டு கொடிக்கு நடுவே குளிப்பவர்களுக்கான இடம், காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள். போர்டுக்கு அங்கே இடமில்லை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி நட்டிருந்தால் அதற்கு அப்பால்தான் போர்டு. எந்தக் கரையில் இன்று காவல் இருக்கிறது என்று ‘பீச்ஸேஃப்’ (Beachsafe) என்ற ஆப்பில் தெரியும். அவசர எண் 000.

முதல் வாரம் இடுப்பளவு தண்ணீரிலேயே, உடைந்து நுரையாக வரும் அலையில் பழகுங்கள். விழும்போது தட்டையாக விழ வேண்டும், தலைகுப்புற அல்ல. மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள், உங்கள் போர்டே உங்கள் மண்டையில் விழும். நுரையில் பத்துக்கு ஏழு முறை நிற்க முடிந்த பிறகுதான் உடையாத பச்சை அலைக்குப் போக வேண்டும்.

பச்சை அலைக்குப் போனதும் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். அலை உடையத் தொடங்கும் முனைக்கு யார் நெருக்கமாக இருக்கிறாரோ, அலை அவருக்கு. அவர் வரும்போது நீங்கள் முன்னால் புகுந்தால் அதைவிடப் பெரிய குற்றம் அந்த ஊரில் இல்லை. தெரியாமல் செய்துவிட்டால் உடனே ஸாரி சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

காலை நேரம் எப்போதும் நல்லது. நம் கரை போலவே அதுவும் கிழக்கைப் பார்த்த கரை. விடியலில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசி அலையை நிமிர்த்திப் பிடிக்கும். பத்து பதினொரு மணிக்குக் கடற்காற்று எழும்பியதும் எல்லாம் குழம்பிவிடும். முன்னறிவிப்பு பார்க்கும்போது அலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். ஒரே உயரம் போட்டிருந்தாலும் 8 விநாடி அலையை விட 14 விநாடி அலைக்குப் பலம் மிக அதிகம். கற்பவருக்கு இரண்டடி, மூன்றடி போதும்.

நீலநிறக் குமிழ் போல மிதந்து வரும் புளூபாட்டில் கொட்டினால், ஒட்டிய இழைகளை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். வினிகர் அதற்கல்ல. வடக்கு குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் மே வரை வரும் பெட்டிச் சொறிமீன்தான் உயிரை வாங்கும், வினிகர் அதற்குத்தான். சுறா பற்றி வீட்டில் கேட்பார்கள். விடியலுக்கு முன்னும் இருட்டிய பிறகும் இறங்காதீர்கள், ஆற்று முகத்துவாரத்தையும் மீன் கூட்டத்தையும் தவிருங்கள். மீதியை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சாப்பாடு, வேலை

விமானத்தில் கொடுக்கும் அட்டையில் பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். எழுதினால் அதிகபட்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், எழுதாமல் மாட்டினால் அபராதம். ஹாஸ்டலில் சமையலறை உண்டு. பூங்காக்களில் இலவச மின்சார அடுப்பு இருக்கும், அதில் தோசை வரும். இலையுதிர் காலத்தில் மடவை மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வடக்கே போகும். கரையில் நின்று பார்த்து வலை வளைப்பார்கள், நம் கரைவலைக்காரர்களே வந்து நிற்பதாகத் தோன்றும். மடவையை அங்கே பலர் தூண்டில் இரையாக நினைக்கிறார்கள், அதனால் விலை குறைவு. மிளகாய்த் தூள் கையில் இருந்தால் நீங்கள் ராஜா. சிட்னி பக்கம் இருந்தால் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயில் கேன்டீனில் வார இறுதியில் இட்லி கிடைக்கும்.

462 விசாவில் போகிறவர்களுக்கு காஃப்ஸ் ஹார்பருக்கு வடக்கே வூல்கூல்கா நல்ல இடம். பஞ்சாபிகள் பல தலைமுறையாக வாழும் ஊர், அன்று வாழை, இன்று புளூபெர்ரி. பறிக்கும் வேலை கிடைக்கும், குருத்வாரா இருக்கிறது, கற்பதற்கு ஏற்ற கரையும் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையில் மணிக்கு 24.95 டாலர் ஆனது. தற்காலிக வேலைக்கு அதன் மேல் 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். வரி எண்ணை வரித்துறையிடமிருந்து இலவசமாக வாங்கலாம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். “ஏ.பி.என். எடுத்துக்கிட்டு வா, நேரா கையில தர்றேன்” என்று முதலாளி சொன்னால் (ஏ.பி.என். என்பது வியாபாரப் பதிவு எண்), உங்களைத் தொழிலாளியாகக் காட்டாமல் தனி வியாபாரியாகக் காட்டப் பார்க்கிறார் என்று அர்த்தம். ஓய்வூதிய நிதியும் குறைந்தபட்சக் கூலி உரிமையும் போய்விடும்.

வரி, முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம், 45,000 டாலர் வரை. முதலாளி உங்கள் பெயரில் கட்டும் ஓய்வூதிய நிதியை, நாட்டை விட்டுக் கிளம்பி விசா முடிந்த பிறகு இணையத்திலேயே கேட்டு வாங்கலாம். அதில் 65 சதவீதத்தை அரசு பிடித்துக்கொள்ளும். மீதி 35 சதவீதத்தையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். விண்ணப்பிக்கும்போது உங்கள் வரி எண்ணும் நிதிக் கணக்கு எண்ணும் கேட்பார்கள், போனை மாற்றும் முன் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.